மார்லிஸும் புதுத் துப்பாக்கி மருந்தும்

வில்லோ ஃபோர்க் தபால் நிலையத்தில் போய் மார்லிஸ் ட்வைட் என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பார்கள். பிறகு, "ஓ, மேகத்தையா கேக்குறீங்க?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர் அது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் கரும்பலகையில் கணக்கு ஓடும். மார்லிஸ் வெளியே கோதுமை வயலுக்கு மேலே ஓடிக்கொண்டிருப்பாள். டீச்சர் இடம் மாற்றிச் சுவரோரம் உட்கார வைத்தாள். சுவரில் ஈரம் பரவிய கறை ஒன்று இருந்தது. மார்லிஸ் அதற்குள் போய்விட்டாள். பின் பெஞ்சில் இருந்த ஆரின் ஹோக்லண்ட்தான், "டீச்சர், மேகம் கலைஞ்சு போச்சு" என்று முதலில் சொன்னவன். அறுபது வயதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விட்டு இறங்கவில்லை.

அவளுக்கென்றே செய்து வைத்தது போல ஒரு வேலையும் அமைந்தது. பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை. காலையில் கிளம்பினால் மதியம் சாயும் வரை சரளைச் சாலை. ஒரு தபால் பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே புல்லும் வானமும் தவிர வேறொன்றும் கிடையாது. ரேடியோவில் பன்றி விலை சொல்லிக்கொண்டே வருபவன் ஒரு மேட்டைத் தாண்டியதும் இரைச்சலில் கரைந்து போவான். அதன் பிறகு வண்டியில் மார்லிஸும் அவள் நினைப்பும்தான். ஒருமுறை மான் கூட்டம் சாலையைக் கடக்கிறதே என்று நிறுத்தினாள். மான்கள் கடந்து, குன்று ஏறி, மறைந்தும் போயின. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. டிராக்டரில் வந்த பண்ணைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்ட கதையை ஊரே வருஷக்கணக்கில் மென்றது. ஆனாலும் ஒரு விஷயத்தை யாரும் மறுத்ததில்லை: ஒரு வீட்டுக் கடிதம் இன்னொரு வீட்டுப் பெட்டியில் விழுந்தது என்று அவள்மேல் புகார் வந்தது மிக அபூர்வம்.

அவளைக் கட்டிக்கொண்ட லெராய், தானியக் கிடங்கில் மேற்பார்வைக்காரன். எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பவன். புதன்கிழமை சாயங்காலங்களில் தீயணைப்பு நிலையத்துக்குக் கீழே இருந்த நிலவறையில் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். துணைக்கு வா என்று அவளையும் கூட்டிப்போனான். அவள் பின்னல் ஊசியோடு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் ஆள் குறைந்தது என்று ஒரு ரிவால்வரை அவள் கையில் கொடுத்தார்கள்.

"குழல் முனையில இருக்குற குறிமுள்ளை மட்டும் பாரு. அது தெளிவா தெரியணும். அந்தக் கறுப்பு வட்டம் மங்கலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றான் லெராய்.

மார்லிஸுக்கு அது சட்டென்று பிடிபட்டது. தூரத்தில் இருப்பது மங்கலாக மிதக்க, கிட்டத்தில் ஒன்று மட்டும் ஊசிமுனை போல நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் உலகத்தைப் பார்த்துவந்த விதமே அதுதானே. விசையை அழுத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. குறிவட்டத் தாள் வந்தபோது ஐந்து ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுவட்டத்தில் கிடந்தன. லெராய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வருஷ முடிவுக்குள் அவள் அவனை முந்திவிட்டாள்.

சுடுவதற்கு மட்டும்தான் அவன் விட்டான். தோட்டா நிறைக்கும் மேஜைக்குப் பக்கத்தில் வரவிட மாட்டான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அடியில் புதுக் கேப்பு வைத்து, மருந்து அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி மூடுவது அவனுடைய வேலை. "நீ இதுல கை வச்சா கை இருக்காது. மருந்து போட்டோமா போடலையான்னு நடுவுல மறந்துட்டு நிப்ப. மறதிக்காரங்களுக்கு இந்த வேலை ஆகாது" என்பான். அவளும் வாதாடியதில்லை. அவன் சொன்னது பொய்யும் இல்லையே.

பிறகு ஒரு வசந்த காலத்தில் லெராய், பவுலிங் கூடத்தில் காலணி எடுத்துக் கொடுக்கும் பெண்ணோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். டிரக்கை எடுத்துக்கொண்டான். படகையும் எடுத்துக்கொண்டான். பெரிய குளிர்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. வீட்டு நிலவறையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த அந்த மேஜையும் அழுத்தும் இயந்திரமும் மட்டும் கிடந்தன. கழற்ற நேரம் இருந்திருக்காது. மார்லிஸ் சில மாதம் அந்தப் படிகளில் இறங்கவே இல்லை. அவன் நிறைத்து வைத்துவிட்டுப் போன தோட்டாக்கள் தீர்ந்த அன்றுதான் இறங்கினாள். விளக்கைப் போட்டாள். முக்காலியில் உட்கார்ந்தாள். மேஜைமேல் கிடந்த, தோட்டா நிறைக்கும் முறை சொல்லும் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

பின் பெஞ்சு ஆரின்தான் வந்து சொல்லிக்கொடுத்தான்; அவனும் புதன்கிழமைப் போட்டிக்காரன். வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியே காலத்தைக் கழித்தவன்; இயந்திரச் சத்தத்தில் காது முக்கால்வாசி போயிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "என்னைக் கட்டிக்கிட்டவ பேசுறது எனக்குக் கேக்காது, அப்புறம் எதுக்கு?" என்பான்.

மார்லிஸ் மெதுவாக வேலை செய்தாள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பெருமூச்சு. ஆனால் அவள் நிறைத்தவை நன்றாகவே போயின. ஆரினும் தன் ரிவால்வருக்கு அவளிடமே வாங்கிக்கொண்டான். நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு அவர்கள் பழகிய மருந்து கடைகளில் வருவது நின்றது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசி டப்பாவின் அடி தெரிந்தபோது, ஆரின் ஹார்டுவேர் கடையிலிருந்து புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"புதுசாம். கை அதிராதாம், புகை இருக்காதாம். கடைக்காரன் சொல்றதைக் கேட்டா இதைக் காப்பியில போட்டுக் குடிக்கலாம் போலிருக்கு."

"நீ குடி முதல்ல" என்றாள் மார்லிஸ்.

"நீ நிறை. நான் சுடுறேன். அது போதும்."

அக்டோபர் கடைசி. தோட்டத்துப் பருத்திமரங்கள் மஞ்சளாகி, நிலவறையின் சின்ன ஜன்னலில் இலை நிழல் அசைந்துகொண்டிருந்தது. மார்லிஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். நகப்பூச்சும் பேரிக்காயும் கலந்தது போல மெல்லிய இனிப்பு வாசனை. பழைய மருந்து கடுகுமணி மாதிரி உருண்டை. இது செதில் செதிலாக, சாம்பல் பச்சையில், மீன் செதிலைப் பொடித்தது போல இருந்தது. உள்ளங்கையில் கொட்டினால் கனமே தெரியவில்லை. அளக்கும் கருவியின் வாயில் ஊற்றியபோது, ஜன்னலில் உலர்ந்த பனி உரசுவது போல ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது.

புத்தகத்தில் போட்டிருந்த ஆகக் குறைந்த அளவுக்குக் கருவியைத் திருகி, தராசில் சில முறை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். கைப்பிடியை இழுத்தால் மருந்து விழும். கூட்டுக்குள் ஒரு பார்வை. மேலே குண்டு. அழுத்து. அடுத்தது. இழு, பார், அழுத்து. சற்று நேரத்தில் கைகள் தாமாகவே போய்வந்தன. அந்தச் சத்தம் பனியாகி, பனி ஷுல்ட்ஸ் பண்ணைக்குப் போகும் பாதையில் விழுந்து, பாதையில் ஒரு நரி நின்று திரும்பிப் பார்த்தது.

கைப்பிடி லேசாக ஒரு விக்கல் விக்கியது. அடுத்த கூட்டில் மருந்து விளிம்பு தாண்டி வழிந்து மேஜையில் கொட்டியது. "அட" என்று அதைத் திருப்பிக் கொட்டிவிட்டு, மறுபடி அளந்து போட்டுக்கொண்டாள். செதில்கள் குழாயின் கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிப் பாலம் கட்டியிருக்கின்றன என்பதோ, இதில் வழிந்தது முந்தின கூட்டில் விழாமல் நின்றது என்பதோ அவளுக்குத் தோன்றவில்லை. முந்தின கூட்டை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், கண் மட்டும்தான் பார்த்தது. அதன் தலைமேல் குண்டு உட்கார்ந்து, அது மற்றவற்றோடு பெட்டியில் போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக் குழிக்குப் போனார்கள். மூன்று பக்கமும் மண்மேடு. காற்று உள்ளே வராது. வெயில் தேன்நிறத்தில் தேங்கிக் கிடந்தது. ஆரின் முக்காலியின்மேல் வேகமானியை நிறுத்தினான். குண்டு அதைக் கடந்தால் சின்னத் திரையில் வேகம் தெரியும். மார்லிஸ் முதலில் சுட்டாள்.

ரிவால்வர் குதிக்கவில்லை. தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது போல அவள் கையில் ஒருமுறை அசைந்து அடங்கியது. புகை ஒரு விரல் நீளம் எழுந்து, போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. திரையில் வந்த எண்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. தாளில் ஓட்டைகள் ஒரே கொத்து.

"இதென்ன மருந்தா, தாலாட்டா?" என்றாள்.

"என்ன?" காதடைப்பைத் தூக்கினான் ஆரின்.

"தாலாட்டு மாதிரி இருக்குன்னேன்!"

"நீதான் எதுல வேணாலும் தூங்குவியே. இங்க குடு, நான் பாக்குறேன்."

அவன் தன் நீளக்குழல் ரிவால்வரை எடுத்து, அவள் பெட்டியிலிருந்து தோட்டாக்களைப் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பொறுமை கிடையாது. ரிவால்வரின் பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்துவான், சுடுவான், அடுத்த கணமே மறுபடி இழுப்பான். அவனுடைய வலப்பக்கம், ஓரடி பின்தள்ளி மார்லிஸ் நின்றாள். மேட்டுக்குமேல் வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. பாதிக் கண் அதிலும் பாதி தாளிலுமாக இருந்தாள்.

முதல் குண்டு. மேட்டில் புழுதி. இரண்டாவது. புழுதி. மூன்றாவதற்கு, கார்க் மூடியைத் திறந்தது போல 'பொக்' என்று ஒரு சத்தம்.

புழுதி எழவில்லை. தாள் அசையவில்லை. திரையில் பழைய எண்ணே நின்றது.

மருந்தில்லாமல் கேப்பு மட்டும் வெடித்ததில் குண்டு வெளியே போகவில்லை. குழலுக்குள் எங்கோ நின்றுவிட்டது. அடுத்த தோட்டா வெடித்தால் அதன்மேல் போய் மோதும். குழல் பிளந்துகொண்டு அவன் முகத்துக்கு நேரே வரும்.

"ஆரின்! நிறுத்து!"

காதடைப்புக்குள், பாதி செவிட்டுக் காதுக்குள், அது போய்ச் சேரவில்லை. மருந்தே இப்படித்தான் மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருப்பான். கட்டைவிரல் குதிரையை இழுத்து நிறுத்தியது. ஆள்காட்டி விரல் விசைமேல் போனது.

மார்லிஸ் யோசிக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவளுடைய வலது கை அவன் கைமேல் போய், நின்றிருந்த குதிரைக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைச் செருகியது. விசை அழுந்தியது. குதிரை விழுந்தது. அதன் மூக்கிலிருந்த முள் அவள் சதைக்குள் இறங்கி நின்றது.

ஆரின் துள்ளித் திரும்பினான். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? சுடுறவன் கையில வந்து விழுறியே!"

"குழலைக் கீழ வை. மேட்டுப் பக்கமாவே வச்சுக்க" என்றாள் மார்லிஸ். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "குதிரையை மெதுவா பின்னால இழு. என் கை மாட்டியிருக்கு."

அப்போதுதான் அவன் ரத்தத்தைப் பார்த்தான். அவள் கையை விடுவித்துவிட்டு, உருளையைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டினான். பின்பக்கமாகக் குழலுக்குள் பார்த்தான். வட்டமாக வானம் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. இன்னொருமுறை பார்த்தான். அப்படியே டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு கழுத்தில் கிடந்த கைக்குட்டையை அவிழ்த்து அவள் கையில் கட்டினான்.

"ஒண்ணு வழிஞ்சுது" என்றாள் மார்லிஸ். "அதுக்கு முன்னாடி போட்டதுல குறைஞ்சிருக்கும். எனக்கு அப்பவே தோணியிருக்கணும். நான் அங்க இல்ல, ஆரின். ஒரு நரியைப் பாத்துட்டு இருந்தேன்."

"நிலவறையில நரியா?"

"இல்ல. ஷுல்ட்ஸ் பாதையில."

லெராய் சொன்னது சரிதான் என்று அவன் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. வேகமானியை மடக்கி எடுத்து வைத்துவிட்டு, அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். டிரக்கின் பின்விளக்கு தெரு முனையில் திரும்பும் வரை அவள் வாசலில் நின்றாள்.

மறுநாள் தபால் வண்டியில், கட்டுப்போட்ட கையோடு, எத்தனை பெட்டிகளைத் திறந்து மூடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அன்று வானத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குண்டைக் கழற்றி, மருந்தைத் தராசில் கொட்டி நிறுத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கெட்டது அந்த ஒன்றுதான். எல்லாமே கெட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. விளக்கை அணைத்துவிட்டு, இனி இந்த மேஜையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று படியேறினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் ஹாரன் அலறியது. அவள் வெளியே வரவில்லை. ஹாரன் நிற்கவில்லை. எதிர்வீட்டு நாய் சேர்ந்து ஊளையிட்ட பிறகு கதவைத் திறந்தாள்.

"கிளம்பு, போட்டி ஆரம்பிச்சுரும்" என்றான் ஆரின்.

"நான் வரல."

"என்ன?"

"வரலன்னேன்! தோட்டாவும் இல்ல. எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

"அப்போ நிறை. நான் உக்காந்துக்கிறேன்."

"என் கையால நிறைச்சதை நீ மறுபடி சுடுவியா?"

ஆரின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மார்லிஸ்" என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. "அன்னிக்கு அந்தக் குழிக்குள்ள ரெண்டு பேரு இருந்தோம். முழிச்சுட்டு இருந்தது யாரு? நானா? எனக்குப் பக்கத்துல எவன் நின்னிருந்தாலும் இன்னிக்கு எனக்கு மூஞ்சி இருக்காது. உள்ள விடுறியா, இல்ல இங்கயே ஹாரன் அடிச்சுட்டு நிக்கவா?"

நிலவறையில் அவன் லெராயின் பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். விளக்கைத் தான் பிடிப்பதாகச் சொன்னான். மார்லிஸ் மேஜை முன் நின்று யோசித்தாள். ஒவ்வொன்றாக நிறைத்து உடனே மூடுவதில்தான் கை தன்பாட்டுக்கு ஓடிவிடுகிறது. மூலையிலிருந்து துளையிட்ட மரப்பலகையை எடுத்தாள். கூடுகளை வரிசையாக அதில் நிறுத்தினாள். வாய் திறந்து நின்ற கூடுகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அச்சு அசல் தபால் பெட்டிகள்.

அளக்கும் கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு, தராசில் நிறுத்து, ஒவ்வொரு கூட்டிலும் தானே மருந்தைக் கொட்டினாள். முதல் துளை பாலத்துக்குப் பக்கத்து லின்ஸ்ட்ரோம் வீடு. அடுத்தது ஷுல்ட்ஸ். அதற்கடுத்து எப்போதும் கதவு தொங்கும் பெக்கர் அம்மாவின் பெட்டி. பாதை நெடுகப் போனாள். புல் அசைந்தது, நரியும் வந்து நின்றது. ஆனால் யாருக்கு என்ன போட்டோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருஷமாகக் கனவு கண்டுகொண்டே செய்துவந்த வேலைதானே இது. எல்லாம் நிறைந்த பிறகு, "விளக்கு" என்றாள்.

ஆரின் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கைவிளக்கு மடியில் எரிந்து கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக அதை எடுத்து, பலகைமேல் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்தாள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில், மங்கிய பச்சையாக, அந்தி வெளிச்சம் பட்ட குளங்கள் போலத் தெரிந்தது. திரும்பவும் ஒரு தடவை பார்த்தாள். பிறகுதான் குண்டு வைத்து மூட ஆரம்பித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அந்த மருந்தைத்தான் சுட்டார்கள். மார்லிஸின் கையில் பிறை போல ஒரு தழும்பு நின்றது. யாராவது கேட்டால் ஆரினே முந்திக்கொண்டு, "என்னைக் கொல்லப் பார்த்தா, அப்புறம் மனசு மாறிட்டா" என்று முழுக்கதையையும் சொல்வான். மருந்து விழாததை அவள் கவனிக்காமல் விட்டதையும் சேர்த்து அவன் சொல்லும்போது மார்லிஸ் தலையாட்டிக்கொண்டு நிற்பாள். அதில் அவளுக்கு வெட்கம் இல்லாமல் போயிற்று. மேஜையை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் புதன்கிழமை அவர்கள் போட்டிக்குப் போகவில்லை. கடைசித் தோட்டாவை மூடிவிட்டு அவள் திரும்பியபோதும் அவன் தூக்கம் கலையவில்லை. எழுப்ப மனம் வரவில்லை. மேலே போய் அடுப்பில் பட்டாணி சூப்பை வைத்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். வெளியே அந்த வருஷத்து முதல் பனி, விழலாமா வேண்டாமா என்பது போலத் தயங்கித் தயங்கி விழத் தொடங்கியிருந்தது.

சூப் வாசனை படியிறங்கி வந்ததும் ஆரின் திடுக்கிட்டு எழுந்தான்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

"முடிஞ்சே போச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். உனக்குத்தான் கேக்காதே."

"பொய்" என்றான் ஆரின். பிறகு மூக்கை உறிஞ்சினான். "பன்றிக்கறி போட்டிருக்கியா, வெறும் பட்டாணியா?"